ரதத்தில் இடமா இல்லை?

அத்தை அந்தச் சுருளைப் பிரித்தபோது கூடத்தில் காராச்சேவு கடிபடும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. படம் பாதி விரிந்ததும் அதுவும் நின்றது.

சிவகாசியிலிருந்து, எங்கள் அம்மாவின் தங்கையான சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் வெற்றிலை, பழம், பூவோடு கொண்டுவந்த சுருள் அது. கனத்த தாள், பிரித்தவுடனே அச்சுமையின் எண்ணெய் வாசனை கூடத்தில் பரவியது. மேல்பாதியில் பனிமலை. மேகத்திலிருந்து இறங்கி நிற்கும் தங்க ரதம். அதன் முன்னே மரவுரி உடுத்திய ஒரு மனிதர். அவர் காலோடு ஒட்டி ஒரு நாய். மலைச்சரிவில் ஆங்காங்கே சிறியதாகச் சில உருவங்கள் விழுந்து கிடந்தன.

அத்தை என் அப்பாவின் அக்கா. கணவரை இழந்தபின் எங்களோடு இருந்தவர். பார்வை மங்கல். "முருகன்தானே? மயிலை எங்க காணோம்?" என்று தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். நாயைக் கண்டார். விழுந்து கிடந்தவர்களைக் கண்டார்.

"அடப் பாவிகளா! கல்யாணம் பேச வந்த எடத்துல அந்தப் போக்கையா கொண்டாந்து விரிக்கிறது?"

கதவுக்குப் பின்னால் நின்ற நானும் தங்கை ராசாத்தியும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டோம்.

ராசாத்தி நான் எழுதும் இந்தத் தொடரை வாராவாரம் படித்துவிட்டுத் தொலைபேசியில் திருத்தம் சொல்லுகிறவள். "அன்னைக்கு நான் கேட்டதை மட்டும் எழுதாம விட்டுப் பாரு, அப்புறம் இருக்கு உனக்கு" என்று முன்கூட்டியே மிரட்டியிருக்கிறாள். எழுதத்தான் போகிறேன். அதற்கு முன், ஒரு படத்தைக் கண்டு ஒரு வீடு ஏன் பதறியது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பட்டாபிஷேகத்தோடு கட்டிவை

மழை பொய்த்த வருடங்களில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கோயில் முன்பு பந்தல் போட்டுப் பாரதம் வாசிப்பார்கள். சித்தி பிறந்த ஆமத்தூரில் நானே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். சூதாட்டம் வந்தால் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். போர் வந்தால், அதுவரை தூங்கி வழிந்த ஆண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தருமருக்குப் பட்டாபிஷேகம் ஆனதும் சுண்டல் கொடுத்து, புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கட்டிவிடுவார்கள்.

கதை அதற்குமேலும் போகிறது. ஆண்டது போதும் என்று ராஜ்யத்தைப் பேரனிடம் ஒப்படைத்துவிட்டு, அண்ணன் தம்பி ஐவரும் அரசியும் வடக்கே நடக்கத் தொடங்குகிறார்கள். எங்கிருந்தோ ஒரு நாய் சேர்ந்துகொள்கிறது. மலை ஏற ஏற அரசியும் தம்பிமாரும் ஒவ்வொருவராக விழுகிறார்கள். கடைசியில் தருமரும் நாயும் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

இதை எங்கள் ஊர்களில் வாசிப்பதில்லை. நல்லது நடக்க வேண்டிய இடத்தில், வீட்டைவிட்டுத் திரும்பாமல் போகிறவர்களின் கதை ஆகாது. பாரதத்தை வீட்டில் படித்தாலே சண்டை வரும் என்பார்கள். கடைசிப் பகுதியைப் படித்தால் ஆளே போய்விடும் என்பார்கள். அத்தை அதற்குப் பெயர்கூடச் சொல்ல மாட்டார். 'அந்தப் போக்கு' என்பார்.

வீட்டுக்கு மேலே

ஆனால் நானும் ராசாத்தியும் அந்தப் போக்கை முழுவதுமாக அறிந்திருந்தோம். சித்தியின் கைங்கரியம்.

விருதுநகரில் அப்பாவுக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். அறுவடை நாட்களில் மொட்டை மாடி முழுவதும் மிளகாய் சிவந்து கிடக்கும். அதைக் கிளறிவிடுவதும் காவல் இருப்பதும் கோமதிச் சித்தியின் வேலை. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, நூலகத்திலிருந்து எடுத்துவந்த தடித்த புத்தகத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். பட்டாபிஷேகம் முடிந்ததும் நான் பயந்துபோய், "போதும் சித்தி, கட்டி வச்சிருவோம்" என்றேன்.

"வீட்டுக்குள்ளதான படிக்கக் கூடாது? இது வீட்டுக்கு மேலதான இருக்கு?" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

ஐவரும் மலை ஏறியபோது எங்கள் மூவருக்கும் கண்ணில் நீர். அதில் துக்கம் எவ்வளவு, வத்தல் நெடி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அரசி விழுந்த இடத்தில் ராசாத்தி தொடர்ந்து தும்மினாள்.

அரசி விழுந்தபோது தருமர் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பிமார் விழுந்தபோதும் பார்க்கவில்லை. ஆனால் ரதத்தோடு வந்த தேவராஜன், நாயை விட்டுவிட்டு ஏறு என்றபோது மட்டும் முடியாது என்று நின்றுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது.

"பொண்டாட்டி விழுந்தப்பத் திரும்பிப் பாக்காதவரு, நாய்க்கு மட்டும் எதுக்கு மல்லுக்கு நிக்காரு?"

சித்தி எழுந்து போனாள். மிளகாயை ஒரு வரிசை கிளறிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"செத்தவுகளை நாம நின்னு எழுப்ப முடியாதுட்டி. உசுரோட கூட வந்ததை விட்டுரக் கூடாது. அவரு சொல்லுதது அம்புட்டுத்தான்."

அப்போது அவள் கண்ணும் கலங்கியிருந்தது. நெடியாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

முடியாத ஒரு மாதம்

என் அம்மா இறந்தபோது ராசாத்தி கைக்குழந்தை. "ஒரு மாசம் இருந்து பிள்ளைகளைப் பாத்துட்டு வா" என்று ஆமத்தூரிலிருந்து அனுப்பப்பட்டவள் சித்தி. ராசாத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அந்த ஒரு மாதம் முடிந்தபாடில்லை.

மனைவி போனால் மச்சினியைக் கட்டிக்கொள்வது அந்நாளில் சாதாரணம். உறவினர் நாலா பக்கமும் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. "என் கல்யாணத்தன்னைக்கு என் துண்டு நுனியைப் பிடிச்சிக்கிட்டே திரிஞ்ச சின்னப் பிள்ளை அது. எனக்கு மூத்த மக மாதிரி" என்று சொல்லிவிட்டார். அதோடு, சித்திக்கு வெளியே மாப்பிள்ளை தேடவும் தொடங்கிவிட்டார்.

வந்த மாப்பிள்ளைகளைச் சித்தி தட்டிக்கழித்தாள். தூத்துக்குடிக்காரருக்கு, "அங்கன தண்ணி உப்பு" என்றாள். மதுரை ஜவுளிக்கடைக்காரருக்கு, "கடை பெருசு, ஆளு சிறுசு" என்றாள். உண்மைக் காரணம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காரணங்கள் இரண்டும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

சிவகாசி வரன் வந்தபோது அத்தை முடிவாகச் சொல்லிவிட்டார். "இந்த எடமும் போச்சுன்னா நான் என் மக வீட்டுக்குப் போயிருதேன். பிள்ளை வளக்க வந்தவளைக் குமரியாவே வச்சிருந்த பாவத்துல எனக்குப் பங்கு வேணாம்."

அப்பா மெல்லச் சொன்னார்: "நீ இங்கனயே இருந்து கரைஞ்சு போனா, உங்க அக்கா என்னைய மன்னிக்க மாட்டா தாயி."

சித்திக்குக் கல்யாணம் ஆக வேண்டும். ஆனால் சித்தி எங்களைவிட்டுப் போகக் கூடாது. இரண்டையும் ஒரே பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். அவர் இருந்த சந்தியில் அவ்வளவு நெரிசல் இல்லை; யோசிக்க நேரம் இருக்கும் என்பது என் கணிப்பு.

தனியாக வைத்த சுருள்

இப்போது கூடத்துக்குத் திரும்பலாம்.

மாப்பிள்ளையின் பெயர் தங்கராசு. சிவகாசியில் காலண்டர் அச்சிடும் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவர். வெள்ளைச் சட்டை போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்து வந்திருந்தும் நகக்கண்களில் நீலம் போகவில்லை. தாயை இழந்த அவரைத் தூக்கி வளர்த்த அக்காதான் கூட வந்திருந்தார். அந்த அம்மாள் இப்போது தம்பியை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

"ஏலே, வள்ளி தெய்வானை படத்தைல எடுத்து வைக்கச் சொன்னேன்?"

"எல்லாச் சுருளும் ஒரே மாதிரிதான்க்கா இருக்கு. இது வடக்க இருந்து வந்த ஆர்டருக்கு ஓட்டுன மாதிரிப் படம். இந்தப் பக்கம் யாரும் மாட்ட மாட்டாகன்னு தனியா ஓரமா வச்சிருந்திருக்காக. நான் என்னடான்னா, தனியா வச்சிருக்கே, நல்ல படமாத்தான் இருக்கும்னு..."

"நல்லாப் பாத்த போ!"

அத்தை படத்தைச் சுருட்டத் தொடங்கினார். அப்போதுதான் சித்தி காப்பித் தட்டோடு வந்தாள். பெண் பார்க்கும் நாளில் பெண் தலை குனிந்து வர வேண்டும், தட்டை வைக்க வேண்டும், போய்விட வேண்டும். சித்தி தட்டை வைத்தாள். படத்தைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"சுருட்டாதீக மதினி. அச்சு நல்லாத்தான விழுந்திருக்கு."

தங்கராசு தலையை நிமிர்த்தினார். அந்த வீட்டுக்குள் வந்தபின் அவருக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது.

"இது என்ன கதைன்னு தெரியுமா?" என்று சித்தி நேராக அவரையே கேட்டாள். அத்தை, "ஏட்டி கோமதி!" என்றார். சித்தி அசையவில்லை.

"தெரியாதுங்க. மஞ்ச, செவப்பு, நீலம், கறுப்புன்னு நாலு ஓட்டமும் நான்தான் ஓட்டுனேன். ராசா வேட்டைக்குப் போயிருக்காருன்னு நெனச்சோம். நாயும் கூட இருக்குல்ல."

"அங்கன விழுந்து கெடக்கவுக?"

"வேட்டையாடிக் களைச்சுப் படுத்திருக்காகன்னு..."

எங்களால் அடக்க முடியவில்லை. கதவு ஆடியது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்தார்; அவர் தோள்கள் குலுங்கின.

சித்தி சொன்னாள். வீட்டுக்குள், கூடத்து நடுவில், தன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நின்று, அந்தப் போக்கை முழுவதுமாகச் சொன்னாள். அத்தை இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். மலை ஏறும் இடம் வந்தபோது விரல்கள் கொஞ்சம் விலகின. அரசி விழுந்தபோது ஒரு கை கீழே இறங்கிவிட்டது. நாயிடம் வந்தபோது அத்தை முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாயை விட்டுட்டு ஏறுங்கன்னு தேவராசா சொன்னாரு. கூட வந்ததை விட்டுட்டு ஏறுத சொர்க்கம் எனக்கு வேணாம்னு இவரு நின்னுட்டாரு. எங்கூடவும் ரெண்டு வந்திருக்கு. இந்தா, கதவுக்குப் பின்னாடிதான் நிக்குதுக. இதைச் சொல்லாம உங்க வீட்டுக்கு வந்தா அது உங்களை ஏமாத்துனதா ஆயிரும்."

 ராசாத்தி கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"சித்தி, அப்ப நாங்கதான் நாயா?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அக்காதான். சிரித்ததை மறைக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார், பலிக்கவில்லை. அப்பா வாய்விட்டுச் சிரித்ததை அம்மா போனபின் அன்றுதான் கேட்டேன். ராசாத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பதில் வேண்டியிருந்தது. தங்கைக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. அந்தக் கேள்வியில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இன்னும் கேட்கிறாள்.

இறங்கி வந்தால் என்ன?

தங்கராசு படத்தை இன்னொரு முறை பார்த்தார். நாலு ஓட்டம் ஓட்டியும் அன்றுதான் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எதுக்கு நாயை விடணும்? ரதத்துல எடமா இல்ல? பெருசாத்தான வரைஞ்சிருக்காக."

"ஏலே, வாயைக் குடுத்து மாட்டிக்கிடாத" என்றார் அக்கா.

அப்பா எழுந்து நின்றார். "தம்பி, நீங்க சொன்னது பெரிய வார்த்தை. ஆனா பிள்ளைகளையும் அனுப்பிட்டு, நான் இங்கன யார் மூஞ்சியப் பாத்து உக்காந்திருப்பேன்?"

அப்பாவுக்கும் ஒரு நியாயம் இருக்கும் என்பதை அதுவரை நாங்கள் நினைத்ததே இல்லை. சித்தியின் முகத்தில் சிரிப்பு வடிந்தது. அவள் போனால் நாங்கள் தனி. நாங்களும் போனால் அப்பா தனி. அவள் போகாவிட்டால் அவளே தனி. எப்படிப் பிரித்தாலும் ஒருவர் மலையில் நிற்க வேண்டியிருந்தது.

தங்கராசு நகக்கண்ணைச் சுரண்டியபடி யோசித்தார்.

"அப்ப ரதம் மேல போக வேணாம். ரதத்துல வந்தவரு எறங்கி வந்துட்டா?"

"என்னலே சொல்லுத?"

"நான் இங்கன வந்து இருக்கேன்க்கா. தெனம் மொத பஸ்ஸுல வேலைக்குப் போயிட்டு வாரேன். ஏழாயிரம்பண்ணையில இருந்தெல்லாம் சிவகாசிக்கு ஆளுக வந்து போகலியா?"

"வீட்டோட மாப்பிள்ளையாவா?"

எங்கள் பக்கத்தில் அது பாதி வசைச்சொல். மாமனார் வீட்டுச் சோறு என்று தெருவே பேசும். அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "தாயில்லாப் பிள்ளைன்னு தூக்கி வளத்தது, அடுத்தவுக வாசல்ல கொண்டாந்து விடவா?"

அப்பா அவசரமாகக் குறுக்கிட்டார். "வீட்டோட வேணாம் தாயி. பக்கத்து வீடு வத்தல் குடோனாத்தான் கெடக்கு. காலி பண்ணி வெள்ளையடிச்சித் தாரேன். வாடகை வாங்கிக்கிடுதேன், போதுமா?"

அந்த அம்மாள் எழுந்தார். படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, தம்பியை முன்னே விட்டு நடந்துவிட்டார்.

அதன்பின் சில வாரங்கள் சிவகாசியிலிருந்து பேச்சு மூச்சில்லை. அத்தை யார்மேலும் கோபப்படவில்லை. அதுவே எங்களுக்குப் பயமாக இருந்தது. மகள் வீட்டுக்குப் போகப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார். சித்தி மாடியில் மிளகாய் கிளறினாள், புத்தகம் எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் அந்த அக்கா மட்டும் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு சுருள். வாசலில் நின்றபடியே அதைப் பிரித்து எல்லாருக்கும் காட்டினார்: முருகன், வள்ளி, தெய்வானை, மயில். ஏதும் குறையில்லை.

"இங்க வந்துட்டுப் போனதுல இருந்து அவன் அந்த நாயைப் பத்தியே பேசுதான் மதினி" என்று அத்தையிடம் முறையிட்டார். "சோறு வச்சா நாய், வெத்தலை மடிச்சா நாய். நானும் யோசிச்சுப் பாத்தேன். இவன் இப்படி எறங்கி வாரேன்னு நின்னான்னா, அது நான் வளத்த வளப்புத்தான? நானே அதைத் தப்புன்னு சொல்லலாமா?"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. தீவாளிக்கும் பொங்கலுக்கும் எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்துரணும். அந்த ரெண்டும் சேத்துத்தான் சொல்லுதேன்." அந்த ரெண்டு, நாங்கள்.

பின்னாளில் அந்தக் கடைசிப் பகுதியைப் பலமுறை படித்திருக்கிறேன். சொர்க்கத்துக்குள் போன பிறகும் தருமர் தம்பிமாரையும் அரசியையும்தான் தேடுகிறார். அவர்கள் நரகத்தில் இருப்பதாகக் காட்டியதும், இதுவே எனக்குப் போதும் என்று அங்கேயே நின்றுவிடுகிறார். கடமை, தியாகம் என்று இதை விளக்கிய பிரசங்கங்களும் கேட்டிருக்கிறேன், எல்லாம் நல்லவை. அவற்றில் ரதத்தில் வந்தவர் பக்கம் யாரும் திரும்பியதில்லை. அவர் ஓர் அடி இறங்கலாம் என்று எனக்குச் சொன்னது, கதை தெரியாத ஓர் அச்சுக்காரர்தான்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போன ஊர்வலம்

கல்யாணம் ஆவணியில் நடந்தது. குடோனைக் கழுவி, வெள்ளையடித்து, சாம்பிராணி போட்டும் வத்தல் நெடி போகவில்லை. பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்த பக்கமிருந்து தும்மல் வந்துகொண்டே இருந்தது.

பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் நேரம் வந்தபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டார். அப்பா பக்கத்து வாசலைக் காட்டினார். அவர் சந்தேகத்தோடு பார்த்தார். ஒரு மூச்சு வாசிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடும் தூரம்.

"அதெல்லாம் முடியாது" என்றார் அக்கா. "எங்க வீட்டுக்கு வார பொண்ணு ஊரறிய வரணும். பஜாரைச் சுத்திட்டு வாங்க."

அத்தை வாசல்படியில் நின்று முறைப்படி அழுதார். "போறியே தாயி, எங்களை விட்டுட்டுப் போறியே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். கல்யாணத்துக்கு வந்த உறவுப்பெண்களும் சேர்ந்து அழுதார்கள். சித்தியும் அழுதாள். மேளம் முழங்க ஊர்வலம் தெருமுனை திரும்பியதும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, அங்கன ஆரத்தி கரைச்சி வச்சிருக்கா இல்லையா?" என்று பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

நானும் ராசாத்தியும் கொல்லைப்புறம் வழியாகப் போய்விட்டோம். புது வீட்டின் முன்கதவுக்கு உட்புறம், நிலைப்படியை ஒட்டி நின்றோம். ராசாத்தியின் மூக்கு சிவந்திருந்தது. பஜார்ப் பக்கம் நாதஸ்வரம் தேய்ந்து தேய்ந்து போயிற்று. அவள் என் விரல்களை நெரித்தாள். பிறகு கோயில் பக்கமிருந்து அதே ஓசை வளர்ந்து வளர்ந்து வந்தது.

மாலையும் வியர்வையுமாகச் சித்தி வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் தங்கராசுச் சித்தப்பா தும்மலை அடக்கிக்கொண்டு நின்றார். உறவுப்பெண் ஒருத்தி ஆரத்தி சுற்றி நெற்றியில் இட்டதும் அத்தை, "வலது காலை எடுத்து வச்சி உள்ள வா தாயி" என்றார்.

சித்தி சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தாள். நிலைப்படிக்கு உள்ளே நகராமல் நின்ற எங்கள் நான்கு பாதங்களையும் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கட்டி. நான் காலை எங்கன வைக்க?"